ஆறாம் எண் வில்லை

அத்தியாயம் 17

வெந்நீரில் உப்பைப் போட்டு மூன்று முறை கொப்பளித்த பிறகும் குரலம்மாவுக்குத் தொண்டை திறக்கவில்லை. நாலாவது முறையும் கொப்பளித்தாள். இருபத்திரண்டு வருடமாக மன்றத்தில் வாசிப்பாளர் வேலை. மற்றவர்கள் காலையில் எழுந்ததும் கைபேசியைத் தேடுவார்கள். இவள் உப்பு டப்பாவைத் தேடுவாள். தொண்டைதானே சோறு போடுகிறது!

அலுவலகத்தில் யாரோ எந்தக் காலத்திலோ வைத்த பட்டப்பெயர், குரலம்மா. இப்போது வாசல் காவலரிலிருந்து மன்றச் செயலாளர் வரை எல்லாருக்கும் அவள் குரலம்மாதான்.

கூடத்துக் கட்டிலில் டிரைவர் விழித்தபடி படுத்திருந்தார். டிரைவர் என்றால் அவள் கணவர். இருபது வருடம் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதும் பஸ்ஸை விட்டுவிட்டார். பெயர்தான் அவரை விடமாட்டேன் என்கிறது.

"இன்னைக்குத்தானே?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான்."

"உங்க அண்ணன் மறந்துட மாட்டாரே?"

"நேத்து ராத்திரிகூட போன்ல சொன்னாரே. 'மாப்பிள்ளைய நிம்மதியா இருக்கச் சொல்லு, என் மூணாவது வில்லை அவருக்குத்தான்'னு."

டிரைவர் சிரித்தார். "கல்யாணத்தப்போ மோதிரம் போடறேன்னாரு. இருபத்தஞ்சு வருஷமாச்சு, அது இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. போகட்டும், ஒரு மரவில்லையாவது தர்றாரே."

"காலங்காத்தால எங்க அண்ணனைச் சீண்டாம உங்களுக்குப் பொழுது விடியாதா?" என்றாள் குரலம்மா. சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நடப்பு இதுதான். நாட்டின் கடன் கழுத்துக்கு மேலே போய்விட்டது. இன்று மாலை ஆறு மணிக்குள் மன்றத்தின் பதினொருவர் குழு ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போடவில்லை என்றால் புதுக் கடன் கிடைக்காது, பழைய கடனுக்கு வட்டி கட்ட முடியாது, நாளையிலிருந்து அரசாங்கச் சம்பளம் யாருக்கும் இல்லை. குழுவில் ஐந்து பேர் புது வரியே கூடாது என்பவர்கள். இன்னும் ஐந்து பேர் செலவில் வெட்டே கூடாது என்பவர்கள். பத்திரிகைக்காரர்கள் இவர்களுக்கு வரிக்கூடாதார், வெட்டுக்கூடாதார் என்று பெயர் வைத்துப் படம் போட்டு மகிழ்ந்தார்கள். நடுவில் பாவம், ஒரு தலைவர்.

குரலம்மாவின் அண்ணன் வெட்டுக்கூடாதார் வரிசையில், ஆறாம் இருக்கையில் இருந்தார்.

இப்படி முட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் மன்றத்தில் ஒரு பழைய முறையை எடுப்பார்கள். போடவேண்டிய வரி, வெட்டவேண்டிய செலவு எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, எண் கொடுத்து, வாசிப்பாளரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்வார்கள். ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவரவர் இருக்கை எண் எழுதிய மூன்று மரவில்லைகள். பட்டியலின் ஒரு வரியைப் படித்ததும் மூன்று நொடி இடைவெளி. அதற்குள் யாராவது மேசை மேல் வில்லையை வைத்தால் அந்த வரி உடன்பாட்டிலிருந்து கழன்றுவிடும். யாரும் வைக்காவிட்டால் அது நிறைவேறியதாகக் கணக்கு. விவாதம் இல்லை, சொற்பொழிவு இல்லை.

போன வாரம் அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு வெட்டு ஏறியது. அரசு மருத்துவமனைகளில் மாலை நேர டயாலிசிஸ்.

டிரைவருக்கு வாரத்தில் மூன்று மாலை அங்கேதான் உயிர் ஓடுகிறது. காலை நேரத்தில் இடமே இல்லை. காத்திருப்போர் பட்டியலில் நூற்று நாற்பது பேர். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் குரலம்மாவின் ஒரு மாதச் சம்பளம் பன்னிரண்டு நாளைக்குத் தாங்கும். பதின்மூன்றாம் நாள் என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

அந்த வரியைத்தான் அண்ணன் கழற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

*

இறுதி அச்சுப்படி காலை ஒன்பதே காலுக்கு அவள் மேசைக்கு வந்தது. முத்திரையை உடைத்த கையோடு நூற்றுப் பதினேழாம் வரிக்குப் போனாள். போன வார நகலில் அது அங்கேதான் இருந்தது.

இப்போது அங்கே ரயில் நிலையக் காத்திருப்பு அறைகள் இருந்தன.

முன்னே புரட்டினாள், பின்னே புரட்டினாள். கடைசியில் கண்டுபிடித்தாள். நூற்றிருபத்தோராம் வரி: "பல்வகைச் சேவைகள், இணைப்பு நான்கில் கண்டவாறு." இணைப்பு நான்கு கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில். அதில் ஒன்பதாவதாக மாலை நேர டயாலிசிஸ்.

குரலம்மா அந்த வரியை மறுபடி படித்தாள். இந்த மூட்டையைக் கட்டியது வேறு யாருமில்லை, அவள்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் செயலாளருக்கு ஒரு குறிப்பு எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளை ஒரே நாளில் வாசித்தால் தொண்டை போய்விடும்; ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இருக்கும் சில்லறை இனங்களை ஒரே தலைப்பில் சேர்த்து, தலைப்பை மட்டும் வாசிக்கலாமே என்று. செயலாளர் பாராட்டினார். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஆபீஸ் எங்கயோ போயிடும்" என்றார். அப்போது டயாலிசிஸ் பட்டியலிலேயே இல்லை. பிறகு ஏறியது. தொகை சின்னது. அவள் சொன்ன விதிப்படியே யாரோ ஒரு குமாஸ்தா எடுத்து மூட்டைக்குள் போட்டுவிட்டான்.

வாசிக்கும்போது அந்தச் சொல்லே வராது. அண்ணன் எதைக் கேட்டு வில்லையை வைப்பார்?

படியை மூடிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினாள். தேநீர் அறை வாசலில் அண்ணன் நின்றிருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் பாதி குடித்த கோப்பை. எதிர்த்தரப்பில் ஒன்பதாம் இருக்கைக்காரர், ஊர் முழுக்க வீடு வாங்கிப் போட்டிருக்கும் பெரிய மனிதர், அண்ணனின் தோளைத் தட்டிவிட்டு அப்போதுதான் விலகிப் போனார்.

குரலம்மா பத்தடி தள்ளி நின்றாள். முத்திரை உடைத்த பிறகு வாசிப்பாளர் எந்த உறுப்பினரோடும் பேசக் கூடாது. ஒரு சொல்கூட. இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்த விதியை மீறியதில்லை. பெற்ற தாய் இறந்த செய்தியைக்கூட அண்ணனிடம் அவள் சொல்லவில்லை. அன்று வாசிப்பு முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் அழுதாள். அப்படி ஒரு பைத்தியக்கார நேர்மை.

அண்ணனையே பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

'அவர் கையிலும் ஒரு படி இருக்கிறது. இணைப்பைப் படித்திருப்பார். படிக்காமல் இருப்பாரா? தங்கச்சி வீட்டுக்காரன் உயிராச்சே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, நம்பினாளா என்றால் அது வேறு விஷயம்.

*

பத்து மணிக்கு வாசிப்பு தொடங்கியது.

நீள மேசை. ஒரு பக்கம் வரிக்கூடாதார், மறுபக்கம் வெட்டுக்கூடாதார். தலைமாட்டில் தலைவர், கால்மாட்டில் சின்ன மேடையில் குரலம்மா. வாசிப்பாளருக்கு இன்னொரு விதியும் உண்டு. படியிலிருந்து கண் எடுக்கக் கூடாது. யாரையாவது பார்த்துப் படித்தால் அவருக்குச் சைகை காட்டியதாக மற்றவர் சண்டைக்கு வருவார். அதனால் இத்தனை வருடமாக அந்த அறையில் நடப்பதை அவள் காதால்தான் அறிந்திருக்கிறாள். பத்துப் பதினைந்து தடவை நடந்த வில்லை வாசிப்பில் ஒரு தடவைகூட அவள் நிமிர்ந்ததில்லை.

"வரி எண் பன்னிரண்டு. சிறு கடைகளுக்கான உரிமக் கட்டணம் இரட்டிப்பு."

ஒன்று, இரண்டு... டக். அதைத் தொடர்ந்து 'சர்ர்' என்று ஓர் உரசல். அண்ணன்தான். வில்லையை வைத்ததும் விரலால் ஒரு திருகு திருகுவார். சின்ன வயதில் காசு சுண்டி விளையாடிய பழக்கம்.

"வரி எண் நாற்பது. பள்ளிக் கட்டடப் பழுதுபார்ப்பு நிதி நிறுத்தம்."

டக், சர்ர். அண்ணனுடைய இரண்டாவது.

மிச்சம் ஒன்று இருக்கிறது. அது போதும். ஒன்றே ஒன்று போதும்.

ஐம்பது போனது, அறுபது போனது. நூலகங்கள் போயின. முதியோர் பஸ் சலுகை போனது. டிரைவர் கேட்டால் வருத்தப்படுவார். ஒவ்வொன்றும் மூன்று நொடியில் போனது. சிலவற்றுக்கு இங்கிருந்து டக், சிலவற்றுக்கு அங்கிருந்து டக்.

"வரி எண் எண்பத்தெட்டு. இரண்டாவது வீட்டுக்கும் அதற்கு மேற்பட்ட வீடுகளுக்கும் சொத்து வரி."

எதிர் வரிசையிலிருந்து ஒரு டக். வெறும் டக். வைப்பார்கள் என்று எதிர்பார்த்ததுதானே! குரலம்மா அடுத்த வரிக்குப் போனாள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவளை வழக்கம்போலத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டாள். பிறகு திரும்பவும் மேடையில் ஏறினாள்.

"வரி எண் நூற்றிருபத்தொன்று." நிறுத்தினாள். "பல்வகைச் சேவைகள். இணைப்பு... நான்கில்... கண்டவாறு."

இத்தனை நிறுத்தி அவள் எதையும் வாசித்ததில்லை. அவளால் முடிந்த சைகை அவ்வளவுதான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அண்ணா, பக்கத்தைப் புரட்டு.

நான்கு. ஐந்து.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். யாரோ தண்ணீர் குடித்தார்கள். ஒருமுறை தலையை நிமிர்த்தி "அண்ணா!" என்று சொன்னால் போதும். வேலை போகும், வேறென்ன போய்விடும்? இதை நினைத்தபடியே அவள் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து நிமிர மறுத்தது. இருபத்திரண்டு வருடம் குனிந்தே பழகிய கழுத்து.

ஆறு. ஏழு.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "மேல படிங்கம்மா."

"வரி எண்," என்றாள் குரலம்மா, "நூற்றிருபத்திரண்டு."

*

மூன்று ஐம்பதுக்குக் கையெழுத்து முடிந்தது. இரண்டு தரப்பும் எழுந்து கைதட்டினார்கள். காலைவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெளியே கேமராக்கள் காத்திருந்தன. நாடு தப்பித்துவிட்டது.

அண்ணன் அவளைத் தேடிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். முகத்தில் கவலை வழிந்தது.

"என்ன பாப்பா இது? நீ படிக்கவே இல்லையே! நான் கையில வில்லையோட காத்துக்கிட்டே இருந்தேன்."

"இணைப்பு நாலுல போட்டுட்டாங்க அண்ணா. நூத்தி இருபத்தொண்ணு. நான் நிறுத்தி நிறுத்திப் படிச்சேன்..."

"அடடா!" அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்கெப்படித் தெரியும்? முந்நூறு பக்கத்தையும் முக்கா மணி நேரத்துல யாரால படிக்க முடியும்? ஆமா, சின்ன அயிட்டத்தையெல்லாம் சேர்த்துக் கட்டச் சொன்னது நீதானாமே? செயலாளர் பெருமையாச் சொன்னாரு."

குரலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி விடு, அழாத. நம்ம நேரம் சரியில்ல. மாப்பிள்ளைக்கு வேற ஏதாவது வழி பார்ப்போம். நானாச்சு." கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். "மனசு கேக்கல பாப்பா. கையிலயே வச்சிருந்தேன்." வெளியே யாரோ அவர் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேமராவுக்கு ஏற்றபடி முகத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அறை காலியானது. குரலம்மா மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொண்டை நோகும் என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு குறிப்பு எழுதினாள். அந்தக் குறிப்பு அவள் புருஷனைத் தின்றுவிட்டது. இதை எந்த வாயால் அவரிடம் சொல்வாள்?

மேசையில் பெட்டிக்காரர் வேலையாக இருந்தார். வில்லைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் உதவியாளர். ஓய்வுபெற இன்னும் நாலு மாதம். ஒவ்வொரு வரிக்கும் வந்த வில்லையை அந்தந்த எண் எழுதிய சின்னத் தட்டில் எடுத்து வைத்திருந்தார்.

"முப்பத்து மூணு," என்றார் தனக்குள். "ஒண்ணுகூட மிச்சமில்ல. எல்லாத்தையும் வச்சுத் தீர்த்துட்டாங்க."

குரலம்மா தலைநிமிர்ந்தாள். "ஒண்ணு திரும்பி வரணுமே. ஆறாம் நம்பர்ல ஒண்ணு."

"ஆறா? ஆறு மூணும் இங்கதான் இருக்கும்மா. இதோ பாருங்க. பன்னெண்டுல ஒண்ணு, நாப்பதுல ஒண்ணு, எண்பத்தெட்டுல ஒண்ணு."

எழுந்து வந்து பார்த்தாள். எண்பத்தெட்டு என்று எழுதிய தட்டில் ஒரு மரவில்லை. அதன் முதுகில் கருப்பாக 6.

"எண்பத்தெட்டு எதிர் வரிசையில இருந்துல்ல வந்துது? எனக்கு நல்லாக் கேட்டுதே."

"ஆமா, ஒன்பதாம் சீட்டு ஐயாதான் வச்சார்."

"இவர் வில்லை அவர் கைக்கு எப்படிப் போச்சு?"

பெட்டிக்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார். "கைமாத்துறதுதாம்மா. எனக்கு ஒண்ணு கொடு, உனக்கு அது பண்றேன், இது பண்றேன்னு. காலையில டீ குடிக்கிறப்பவே பாதி முடிஞ்சிடும். யார் வச்சாங்கன்னு சட்டத்துல இல்ல, வில்லை வந்தாச் சரி."

"எத்தனை நாளா இது?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்கு நெஜமாவே தெரியாதா? ஓ... நீங்கதான் நிமிர்ந்தே பார்க்க மாட்டீங்களே."

"இவருக்கு என்ன கொடுத்திருப்பாங்க?"

"துறைமுக வாரியத் தலைவர் பதவின்னு கேன்டீன்ல பேசிக்கிறாங்க. எனக்கென்னம்மா தெரியும்? நான் கட்டை எண்றவன்."

தேநீர் அறை வாசல். தோளைத் தட்டிவிட்டுப் போன கை. கைக்கடிகாரத்தைப் பார்த்த அண்ணன். அப்போதே முடிந்துவிட்டது. அவள் மேடை ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மூட்டை கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும், நூற்றுப் பதினேழில் கொட்டை எழுத்தில் இருந்திருந்தாலும் ஒன்றுதான். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஏழு நொடியும் ஒரு வெறுங்கைக்கு முன்னால் காத்திருந்த ஏழு நொடி.

கடைசியில் பழியையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார், கோட்டுப் பையைத் தட்டி!

பெட்டிக்காரர் தண்ணீர் எடுக்கத் திரும்பினார். குரலம்மாவின் கை தட்டுக்குப் போய் வந்தது. ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நாளைக் காலை பத்து மணிக்கு முழு மன்றத்தின் முன் பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள். அப்போது முப்பத்திரண்டுதான் இருக்கும். இருக்கட்டும்.

*

மருத்துவமனையின் டயாலிசிஸ் கூடத்தில் எட்டுப் படுக்கைகள், எட்டு இயந்திரங்கள். ஐந்தே முக்காலுக்கு அவள் நுழைந்தபோது எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. டிரைவர் மூன்றாவது படுக்கையில். இடது கையில் ஊசிகள், இரண்டு சிவப்புக் குழாய்கள். வலது கை சும்மா இருக்க மாட்டாமல் போர்வையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"வாம்மா, வா! என் ரத்தம் ரெண்டு டிரிப் முடிச்சிடுச்சு. இன்னும் ஒரு டிரிப் போனா டிப்போவுக்கு விட்டுடலாம்."

பக்கத்துப் படுக்கை வாத்தியார் சிரித்தார். அவர் இந்த ஜோக்கை நூறு தடவை கேட்டிருப்பார். கடைசிப் படுக்கையில் தையல்காரப் பெண், பத்தொன்பது வயது, சிரிக்கத் தெம்பில்லாமல் கண்ணை மட்டும் சுருக்கினாள்.

சுவரில் இருந்த தொலைக்காட்சியில் அண்ணன் முகம். 'இரு தரப்பும் விட்டுக்கொடுத்தன, தேசம் பிழைத்தது' என்று கீழே எழுத்து ஓடியது. அண்ணன் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"பார்த்தியா, எப்படிச் சிரிக்கிறாருன்னு! முகத்தப் பார்த்தாலே தெரியலையா? வச்சுட்டாருல்ல?" என்றார் டிரைவர்.

எட்டுப் படுக்கையும் அவள் பக்கம் திரும்பியது. செவிலியும் கையில் பஞ்சோடு நின்றுவிட்டாள். அவளுக்கும் இந்த ஷிஃப்ட்தான் பிழைப்பு.

குரலம்மா வாயைத் திறந்தாள். காலையில் கொப்பளித்த உப்பெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. "நான்..."

டிரைவரின் கைபேசி அடித்தது. ஒரு கைதான் வசம் என்பதால் அவர் எப்போதும் நெஞ்சின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"மச்சான்! ஆயுசு நூறு உங்களுக்கு!"

"மாப்பிள்ளை... பாப்பா அங்க இருக்காளா? போனை எடுக்க மாட்டேங்கிறா. அவகிட்ட கொஞ்சம்..."

"இருக்கா, இருக்கா. இருங்க, முதல்ல நான் பேசிடறேன். மச்சான், ரொம்ப நன்றி. நான் உங்களை என்னென்னவோ கிண்டல் பண்ணியிருக்கேன், மோதிரம் அது இதுன்னு. மனசுல வச்சுக்காதீங்க. இந்த உயிர் நீங்க போட்ட பிச்சை."

மறுமுனையில் சத்தமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று குரலம்மா எண்ணினாள். பழக்கதோஷம். 'இல்லை மாப்பிள்ளை' என்று சொல்ல அந்த மூன்று நொடி தாராளமாகப் போதும்.

"என்ன மாப்பிள்ளை நீங்க," என்றது அண்ணன் குரல். "இதுக்கெல்லாம் நன்றி சொல்லுவாங்களா? என் கடமை."

கூடமே ஆர்ப்பரித்தது. வாத்தியார் ஊசி குத்தாத கையால் கட்டில் விளிம்பில் தட்டினார். செவிலி பஞ்சாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல்காரப் பெண் மெல்ல, "அக்கா, அந்தப் பேப்பர் உங்ககிட்ட இருக்கா? நம்ம ஷிஃப்ட்டப் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிங்களேன். என் அம்மாகிட்டப் போய் அப்படியே சொல்லணும்" என்றாள்.

"ஆமா, படி!" என்றார் டிரைவர். "குரலம்மா, குரலம்மான்னு ஊரே சொல்லுது. எங்களுக்கு ஒருநாள் படிச்சுக் காட்டினியா? மச்சான், இருங்க, வச்சுடாதீங்க. உங்க தங்கச்சி படிக்கப்போறா, நீங்களும் கேளுங்க."

"மாப்பிள்ளை, வேணாம், பாப்பாகிட்ட போனைக்..." என்று ஆரம்பித்த குரல் கைதட்டலில் அமுங்கிப் போனது.

குரலம்மா பையைத் திறந்தாள். உடன்பாட்டின் படி இருந்தது. எடுத்தாள். பொய் சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. ஒரே ஒரு நாள், இந்த எட்டுப் பேரும் இன்றிரவு மட்டுமாவது நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று இருந்தது. ஆனால் தாளில் இல்லாததைப் படிக்க அவளுக்கு வராது. வந்ததே இல்லை. இன்றைக்கு அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினாள்.

"இணைப்பு நான்கு." தொண்டை திறந்துகொண்டது. கணீரென்று மன்றத்தில் கேட்கும் அதே குரல். "வரிசை எண் ஒன்பது. அரசு மருத்துவமனைகளில் மாலை நேர டயாலிசிஸ் சேவை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நிறுத்தப்படுகிறது."

படித்து முடித்ததும் நிமிர்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, தான் படித்ததைக் கேட்டவர்களின் முகத்தைப் பார்த்தாள். வாத்தியாரின் கை கட்டில் விளிம்பிலேயே நின்றுவிட்டிருந்தது. தையல்காரப் பெண்ணின் உதடு அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லிப் பார்த்தது, அம்மாவிடம் அப்படியே சொல்வதற்காக. டிரைவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று.

யாரிடமும் எதுவும் இல்லை, வைப்பதற்கு.

குரலம்மா பைக்குள் கைவிட்டு அந்த மரவில்லையை எடுத்தாள். படுக்கைக்குப் பக்கத்து ஸ்டீல் மேசையில், கைபேசிக்குக் கேட்கும்படி வைத்தாள். டக். விரலால் ஒரு திருகு திருகினாள். சர்ர்.

டிரைவர் வில்லையைப் பார்த்தார். அதன் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு நெஞ்சின் மேல் கிடந்த கைபேசியைப் பார்த்துக் குனிந்தார்.

"மச்சான்," என்றார் மெதுவாக. "லைன்ல இருக்கீங்களா?"

திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுமுனையில் யாரோ மூச்சு விடுவது கேட்டது.